கோடை இடிமழை: அது பிறக்கும் விதமும் கிராமத்தார் செய்யத்தக்க ஆயத்தமும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் தறுவாயில், உள்நாட்டுத் தாலூகாக்களில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் வானத்தின் ஒரு மூலை கறுத்து, புழுதிக் காற்று எழும்பி, இடி முழக்கத்துடன் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் கொட்டி ஓய்ந்துவிடும் மழையைக் கோடை மழை என்று குடியானவர்கள் வழங்குகிறார்கள். ஓர் ஊரில் ஓடை புரண்டு ஓடும்படி பெய்யும் இம்மழை, இரண்டு கல் தொலைவிலுள்ள அடுத்த ஊரில் புழுதியைக்கூட அடக்காமல் போய்விடுவது எல்லோரும் கண்டறிந்த விஷயம். அது அவ்வூரார் செய்த புண்ணியம், இது இவ்வூரார் செய்த பாவம் என்று காரணம் கூறுவோரும் உளர். உண்மைக் காரணம் வேறு. அதை அறிந்துகொண்டால், இம்மழையைப்பற்றி எதை முன்கூட்டிச் சொல்லலாம், எதைச் சொல்ல இயலாது என்பது விளங்கும். சொல்ல இயலாதவற்றுக்கு ஆயத்தமாக இருக்கும் வழியும் அதிலிருந்தே தெரியும்.

தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறக்குறைய 920 மில்லிமீட்டர். இதில் வடகிழக்குப் பருவமழையின் பங்கு ஏறக்குறைய 440. தென்மேற்குப் பருவமழையின் பங்கு ஏறக்குறைய 320. மார்ச்சு முதல் மே முடியவுள்ள மூன்று மாதங்களில் பெய்வது 130 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. பங்கு சிறிதாயினும், கிணற்றின் ஊற்று அடங்கி, மேய்ச்சற்காடு காய்ந்து, தீவனப்போர் கரைந்துவரும் சமயத்தில் இது வருகிறது. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால், அந்நீரின் அளவு ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகமாகும். பதினாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி பத்து நடை வந்து இறக்குவதற்கு இது சமம். கூலியின்றி வந்திறங்கும் இந்தப் பத்து லாரித் தண்ணீரை ஏற்றுக்கொள்ள நிலம் தயாராக இருக்கிறதா என்பதே கேள்வி. அதே மழை வரும்போது கூடவரும் காற்றும் மின்னலும் எதை எடுத்துச்செல்லும் என்பது மற்றொரு கேள்வி.

மேகம் பிறக்கும் விதம்

பருவமழையின் மேகம் பல நாட்கள் ஒரே திக்கிலிருந்து வீசும் காற்றினால் கடலிலிருந்து கொண்டுவரப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து நிற்பது. கோடை மேகமோ அன்று பகலில் அந்நிலத்தின்மேலேயே பிறந்து, அன்றிரவுக்குள் அழிந்துபோவது. இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இம்மேகம் பிறப்பதற்கு மூன்று வேண்டும். முதலாவது உஷ்ணம். கரூர், திருச்சிராப்பள்ளி, வேலூர், மதுரை முதலிய இடங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடைக் கடப்பது வழக்கம். மரமும் பயிரும் இல்லாத வெறுந்தரையின் சூடு இதைவிட மிக அதிகம். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடேறி, இலேசாகி, மேலே எழும்புகிறது. இரண்டாவது ஈரம். காற்றில் போதிய நீராவி இல்லாவிட்டால் எவ்வளவு வெயில் காய்ந்தாலும் புழுதிச் சுழலைத் தவிர வேறொன்றும் உண்டாகாது. மூன்றாவது, எழும்பும் காற்றை மேன்மேலும் நெம்பித் தூக்கிவிடும் ஏதேனுமொரு துணை. மலைச்சரிவு அவ்வாறு தூக்கும். எதிரெதிர்த் திக்குகளிலிருந்து வரும் இரு காற்றுகள் முட்டிக்கொள்ளும் இடமும் தூக்கும்.

எழும்பும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்து டிகிரி குளிர்கிறது. உள்நாட்டுக் கோடைக்காற்று இவ்விதம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஏறியதும் அதிலுள்ள நீராவி துளிகளாக மாறத் தொடங்கும். நண்பகலில் வானத்தில் காணப்படும் பஞ்சுமேகங்களின் அடிப்பாகம் எல்லாம் ஒரே மட்டமாகத் தட்டையாக இருப்பதன் காரணம் இதுவே. அந்த மட்டம்வரை நீராவி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரு கிராம் நீராவி நீராகும்போது அறுநூறு கலோரிக்குச் சற்றே குறைந்த உஷ்ணம் வெளிப்படுகிறது. அவ்வுஷ்ணம் காற்றைத் திரும்பவும் சூடாக்கி, இன்னும் வேகமாக மேலே தள்ளும். அடுப்பில் எரியும் விறகு தன் அனலாலேயே அடுத்த விறகை உலர்த்திப் பற்றவைப்பதுபோல், மேகம் தன் மழைத்துளிகளாலேயே தன்னை வளர்த்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் உண்டு. மேகம் அதையும் கடந்து 12 அல்லது 15 கிலோமீட்டர்வரை ஓங்கி, உச்சியில் கொல்லன் பட்டறையிலுள்ள பட்டடைக்கல்லைப்போல் தட்டையாகப் பரவும். அங்கே பனித்துணுக்குகளும் சிறு பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் மின்சாரம் பிரிந்து, மேகத்தின் மேற்பாகத்தில் ஒருவிதமும் கீழ்ப்பாகத்தில் மற்றொருவிதமும் சேர்ந்துவிடுகின்றன. அவை பாய்ந்து கலப்பதே மின்னல். பாயும் வழியிலுள்ள காற்று ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் ஏறக்குறைய 30,000 டிகிரி சூடேறி வெடித்து விரிவதே இடி. பனிக்கட்டி உருகாமல் தரைவரை வந்துவிட்டால் அது ஆலங்கட்டி மழை.

இம்மேகத்தின் ஆயுள் அற்பம். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃபிளாரிடா, ஒஹையோ ராஜ்யங்களில் பையர்ஸ், பிரஹாம் என்ற இரு விஞ்ஞானிகள் ஆகாயவிமானங்களை இடிமேகங்களுக்குள்ளேயே செலுத்தி ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு மேகக்கூடும் மூன்று பருவங்களை உடையது என்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். முதலில் காற்று முழுவதும் மேல்நோக்கி எழும். இரண்டாவதில் ஒரு பாகம் எழும்ப, மற்றொரு பாகம் மழையுடன் கீழே இறங்கும். மூன்றாவதில் இறங்கும் காற்றே மிகுந்து, மேகத்துக்கு ஆகாரமான சூட்டுக்காற்றை அறுத்துவிட, மேகம் கரைந்துபோகும். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிரதேசத்துக்குப் பிரதேசம் வேற்றுமை

கோடை இடி எல்லா ஜில்லாக்களிலும் ஒரே விதமாக இராது. மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரில் பாலக்காட்டருகே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கணவாய் உண்டு. அரபிக்கடலின் ஈரக்காற்று அதன் வழியாகப் பிற்பகலில் கொங்குநாட்டுக்குள் புகுந்து, கிழக்கேயிருந்து வரும் காற்றைச் சந்திக்கும் நாட்களில், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் மேகம் திரளும். தென்மேற்குப் பருவத்தில் அதே கணவாய் வெறுங்காற்றையே மிகுதியாகக் கொண்டுவந்து, மழையை மலைக்கு மேற்கிலேயே இழந்துவிடுவதால், மலையின் மறைவிலுள்ள இவ்வூர்களின் மானாவாரிக் காடுகளுக்குக் கோடை மழையின் ஒவ்வொரு தூறலும் கணக்கில் சேர வேண்டியதாகிறது.

சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது முதலிய தனிமலைகளின் சரிவுகள் சமவெளிக்கு முன்னதாகவே சூடேறுவதால் முதல் மேகம் அவற்றின் உச்சியில் எழும்பி, பிறகு அடிவாரத்து ஊர்களின்மேல் இறங்குவதுண்டு. தெற்கே வருஷநாட்டு மலை, சிறுமலை ஆகியவற்றின் அடிவாரங்களும் இத்தகையனவே. கடற்கரையில் நிலைமை மாறுபடும். நண்பகலில் புறப்படும் கடற்காற்று தரையைக் குளிர்வித்து மேகம் எழும்புவதைத் தடுத்துவிடுகிறது. ஆகவே சென்னை போன்ற கரையோர இடங்களில் சித்திரை மாதத்து இடிமழை அரிது. ஆனால் அக்கடற்காற்றின் முன்விளிம்பு மாலைக்குள் வெகுதூரம் உள்நாட்டுக்குள் நடந்து, தனக்கு எதிர்ப்பட்ட சூட்டுக்காற்றைத் தூக்கிவிடுவதால், கரைக்கு மறுத்த மழையை உள்ளூர்களுக்குக் கொடுக்கவும் கூடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கர்நாடகத்தின் உட்பகுதி வழியாகத் தமிழ்நாட்டின் உட்பகுதிவரை, இருவேறு திக்குக் காற்றுகள் சந்திக்கும் நீண்ட கோடு ஒன்று இம்மாதங்களில் அடிக்கடி அமைகிறது. வானிலை இலாகாவின் அறிக்கைகளில் காற்றின் திசைமாறுபாடு என்று கூறப்படுவது இதுவே. அக்கோடு சற்றுக் கிழக்கே நகர்ந்தால் ஒரு ஜில்லாவுக்கு யோகம். மேற்கே நகர்ந்தால் மற்றொன்றுக்கு. வங்காளத்தில் காலபைசாகி என்று பெயர் பெற்ற சூறைமழையும், குடகிலும் வயநாட்டிலும் காப்பிச்செடியைப் பூக்கவைக்கும் கோடைத் தூறலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஓரூரில் பெய்து மறுஊரில் பெய்யாமை

ஒரு மேகக்கூட்டின் அகலம் சில கிலோமீட்டர்களே. ஆயுள் ஒரு மணி நேரமே. அது தன் மழையைக் கொட்டும் அரை மணி நேரத்தில் எந்த ஊரின்மேல் நிற்கிறதோ அவ்வூருக்கே மழை. ஆயினும் கதை அத்துடன் முடிவதில்லை. மழையுடன் கீழே விழும் குளிர்காற்று தரையை மோதி, கொட்டிய தண்ணீர் களத்தில் பரவுவதுபோல் நாற்புறமும் பரவுகிறது. மழை வருமுன் முகத்தில் அடிக்கும் மண்வாசனை கலந்த குளிர்காற்று இதுதான். இது சூட்டுக்காற்றுக்கு அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதை மேலே தூக்குவதால், முதல் மேகம் அழியும் வேளையில் பக்கத்தில் இரண்டாவது மேகம் பிறக்கிறது. அது பிறக்கும் இடம் முதல் ஊராகவும் இராது. அதற்கு அடுத்த ஊராகவும் இருக்கவேண்டுவதில்லை. பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். நடுவிலுள்ள ஊருக்குக் குளிர்காற்று மட்டும் கிடைத்து, அதனால் தரை குளிர்ந்து, அன்று மழைக்குரிய வாய்ப்பே போய்விடுகிறது. இதில் புண்ணிய பாவத்துக்கு இடமில்லை.

இதனால்தான் எந்தப் பஞ்சாங்கமும், எந்தச் சாஸ்திரமும், எந்த இயந்திரமும் வருகிற வெள்ளிக்கிழமை இன்ன ஊரில் கோடை மழை பெய்யும் என்று கூற இயலாது. அப்படிக் கூறுவோரை நம்பி விதையை மண்ணில் போடுவது சூதாட்டத்துக்குச் சமானம். ஆனால் இன்று பிற்பகல் இந்த ஜில்லாவில் இடிமழைக்கு இடமுண்டு என்பதை நன்றாகவே சொல்லலாம். 1875இல் ஏற்பட்ட இந்திய வானிலை இலாகா இப்போது மூன்று மணி நேரத்துக்குரிய எச்சரிக்கையை ஜில்லாவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறக்குறிகளுடன் வெளியிடுகிறது. மேகத்துக்குள்ளிருக்கும் நீரையும் காற்றின் வேகத்தையும் தொலைவிலிருந்தே அளக்கும் டாப்ளர் ராடார் 2002இல் சென்னையில் அமைக்கப்பட்டது. பின்னர் வேறு இடங்களிலும் அமைந்தன. பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த தாமினி என்ற கைபேசிச் செயலி, 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். சங்கத்தில் ஒருவரேனும் இதைப் பார்த்து மற்றவர்க்குச் சொல்லும் ஏற்பாடு செய்துகொள்வது எளிது.

கைபேசி இல்லாதவரும் கண்ணால் அறியக்கூடியவை சில உண்டு. காலை எட்டு மணிக்கே வியர்வை காயாத புழுக்கம். பதினொரு மணிக்குள் பஞ்சுமேகம் தோன்றுதல். அம்மேகம் அகலத்தைவிட உயரத்தில் அதிகமாக வளருதல். அதன் விளிம்பு காலிபிளவர்போல் கூர்மையாகத் தெரிந்து, பின்னர் உச்சி மட்டும் நார்நாராகக் கலைந்து பரவுதல். கடைசியாகக் கூறியது காணப்பட்டால் மேகம் மழைக்கு முற்றிவிட்டது என்று கொள்ளலாம். எறும்பு முட்டை சுமப்பதையும் தும்பி தாழப் பறப்பதையும் பெரியோர் கூறுவர்; அவை ஈரத்தைக் காட்டுமேயன்றி நேரத்தைக் காட்டா. ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கவேண்டும். தரைக்காற்று மேகத்தை நோக்கி வீசினால், காற்று மேகத்தை அப்பால் தள்ளிவிடும் என்று பலர் நினைத்து அயர்ந்திருக்கிறார்கள். உண்மையில் அக்காற்று மேகத்தால் உள்ளே இழுக்கப்படுகிறது. மேகம் நகர்வது மேலேயுள்ள வேறொரு காற்றின் போக்கில். மேகத்தை நோக்கி வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென்று ஓய்ந்து, எதிர்த்திக்கிலிருந்து குளிர்ந்து வீசினால், அதற்குப்பின் வீடு சேர்வதற்குச் சில நிமிஷங்களே உள்ளன.

மின்னலும் உயிர்ச்சேதமும்

பயிர்ச்சேதத்தைப் பின்னர் ஈடு செய்துகொள்ளலாம். உயிரை அவ்வாறு செய்யமுடியாது. தேசியக் குற்றப்பதிவு நிலையத்தின் கணக்கின்படி 2019 முதல் 2022 முடிய ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவில் 2,800க்கு மேற்பட்டோர் மின்னலால் மாண்டனர். புயலும் வெள்ளமும் பத்திரிகைகளில் பெரிய எழுத்துக்களில் வெளியாகின்றன. மின்னலோ ஒருவராகவும் இருவராகவும் கொல்வதால் அவ்வாறு வெளியாவதில்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் 25ஆந் தேதி பீகாரில் ஒரே நாளில் 80க்கு மேற்பட்டோர் இறந்தபோதுதான் தேசம் திரும்பிப் பார்த்தது. அவர்களிற் பெரும்பாலோர் வயல்வேலையில் இருந்தவர்கள்.

இடி கேட்டதும் மரத்தடிக்கு ஓடுவது தொன்றுதொட்ட பழக்கம். நனைவதற்கு அஞ்சிச் சாவை நாடும் பழக்கம் என்று இதைக் கூறவேண்டும். உயர்ந்து நிற்கும் தனிமரத்தை மின்னல் எளிதில் நாடுகிறது. மரத்தின்மேல் விழுந்த மின்சாரம் அருகிலிருப்பவர் உடலுக்குப் பக்கவாட்டில் தாவும். அன்றியும் வேர்வழியாக இறங்கித் தரையில் நாற்புறமும் பரவும். பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. கால்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு அபாயம். மாட்டுக்கு முன்காலும் பின்காலும் வெகுவாக விலகியிருப்பதாலும், இரண்டுக்கும் நடுவில் இருதயம் இருப்பதாலும், ஒரு மரத்தடியில் ஒதுங்கிய ஆடுமாடுகள் ஒரே மின்னலில் கும்பலாக மடிகின்றன. ஆகையால் கால்நடைகளை மரத்தடியில் கட்டிவைப்பதும், கம்பிவேலியில் கட்டிவைப்பதும் கூடா. நாலு பக்கமும் திறந்த கீற்றுக்கொட்டகையும், களத்துமேட்டுப் பந்தலும் மழைக்கு மறைவேயன்றி மின்னலுக்கு மறைவல்ல. சுவரும் தளமும் உடைய கட்டிடமோ, கதவடைத்த பஸ்ஸோ காரோதான் தக்க இடம். அதற்குள்ளும் கிணற்று மோட்டாரின் விசையைத் தொடுதல், குழாய் நீரில் குளித்தல் ஆகியவற்றை நிறுத்திவைக்கவேண்டும். மோட்டாரின் இணைப்பை இடி நெருங்குமுன்னரே துண்டித்துவிடுவது மோட்டாருக்கும் நல்லது.

எப்போது வேலையை நிறுத்துவது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இடியோசை மூன்று நொடிகளில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செல்லும். மின்னலைக் கண்டதும் நிதானமாக எண்ணத் தொடங்கி, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் விழுகிறது. அடுத்த மின்னல் தலைக்குமேல் இருக்கலாம்; அப்போதே வேலையை விட்டுப் புறப்படவேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்தபின்பே திரும்பவேண்டும். மழை விட்டதென்று உடனே வெளியே வந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். கூலிக்கு வந்த பெண்கள் தாமாக மண்வெட்டியையும் களைக்கொத்தையும் போட்டுவிட்டுக் கரையேறத் தயங்குவார்கள்; நிலத்துக்குடையவர் கூலியைப் பிடிப்பாரோ என்ற அச்சமே காரணம். இடி நேரத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்று ஊரார் கூடி ஒரு முடிவு செய்து சங்கத்து விளம்பரப் பலகையில் எழுதிப்போட்டால், அது எந்தப் பிரசங்கத்தையும்விட அதிக உயிர்களைக் காக்கும்.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டவரையும் தாக்கும் என்பது பொய். அவரை உடனே தொடலாம், தொடவும் வேண்டும். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் மார்பின் நடுவில் இரு கைகளாலும் விடாது அழுத்தி, 108 வண்டியை அழைக்கவேண்டும். அவ்விதம் பிழைத்தவர் உண்டு. சாணக்குழியில் புதைத்தல் முதலிய வைத்தியங்கள் பிழைக்கக்கூடிய நேரத்தை வீணாக்குகின்றன.

வாழையும் நெல்லும்

மேகத்திலிருந்து விழும் காற்று மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்திலும், சில வேளைகளில் அதற்கு மேலும் வீசுகிறது. வாழைமரம் என்று சொல்லப்படுவது மரமன்று. இலைமடல்கள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் தண்டே. வேர் மேலாக ஓடுவது. குலை தள்ளியபின் சுமை ஒரு பக்கம் சாய்வது. கோவை, ஈரோடு, தேனி, திருச்சி, தூத்துக்குடி வட்டாரங்களில் பதினொரு மாதம் நீர்பாய்ச்சி வளர்த்த தோட்டம் பத்து நிமிஷக் காற்றில் படுத்துவிடுவதும், வெட்டுக்கு இருபது நாளே இருந்த குலைகள் விலைபோகாமற் போவதும், சங்கத்துக் கடன் தவணை அப்படியே நிற்பதும் ஒவ்வொரு கோடையிலும் காணப்படும் காட்சி. காற்று யார் தோட்டத்தில் விழும் என்பது தெரியாது என்பதனாலேயே எல்லோரும் முட்டுக்கொடுக்கவேண்டும். சவுக்கு அல்லது தைலமரக் கழிகளைக் குலை சாயும் பக்கத்தில் கவையாக நாட்டி, கயிற்றால் இறுக்காமல் கட்டுவது வழக்கம். கழியின் விலை தோட்டக்காரர் ஒருவருக்குப் பாரமாகத் தோன்றும். சங்கத்தின்மூலம் லாரிக்கணக்கில் வாங்கினால் விலை குறைவதுடன், வெட்டு முடிந்தவரின் கழி அடுத்தவருக்கும் உதவும். காய்ந்த சருகை அறுத்துவிட்டால் காற்று பிடிக்கும் பரப்புக் குறையும். அடிமரத்துக்கு மண் அணைக்கவேண்டும். இடி எச்சரிக்கையுள்ள நாளில் நீர் பாய்ச்சலாகாது. இளகிய மண்ணில் வேர் எளிதில் பெயரும். தோட்டத்தின் ஓரத்தில் அகத்தி அல்லது சவுக்கை நெருக்கமாக வைப்பது நீண்டநாள் உபாயம். ஊர் முழுவதும் ஒரே மாதத்தில் கன்று நட்டு, ஊர் முழுவதும் சித்திரையில் குலையுடன் நிற்பதைப்போன்ற அறியாமை வேறில்லை. நடவை மாதம் பிரித்துச் செய்தால் ஒரு காற்றில் எல்லோரும் அழியமாட்டார்கள்.

நவரை நெல் அறுவடையும் இதே மாதங்களில் விழுகிறது. கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்துவைத்த நெல் ஒரு மழையில் நனைந்தால், ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டதென்று திருப்பப்படும். திரும்ப உலர்த்துவதற்குள் முளைவிடும். தார்ப்பாய் வாங்க இயலாதவருக்குச் சங்கம் வாடகைக்குக் கொடுக்கலாம். குவியலின் அடியில் தண்ணீர் புகாதபடி மண்மேடை போடாமல், மேலே மட்டும் பாய் போர்த்துவதில் பயனில்லை.

பயிர் இன்ஷூரன்ஸைப்பற்றியும் சுருக்கமாகக் கூறவேண்டும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட பயிர்களுக்கு ஆலங்கட்டி மழை போன்று ஓரிடத்தில் மட்டும் நேரும் சேதத்தைத் தெரிவிக்க 72 மணி நேரம் தவணை உண்டு. காற்றினால் வாழை சாய்வது அவ்வருஷத்துத் திட்டத்தில் எவ்வகையில் சேர்ந்துள்ளது, தமது பிர்கா அறிவிக்கப்பட்டுள்ளதா என்பவற்றைப் பிரீமியம் கட்டும் நாளிலேயே சங்கக் காரியதரிசியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். மரம் விழுந்தபின் கேட்பது வீண்.

முதல் மழையின் ஈரம்

அரை மணியில் 25 மில்லிமீட்டர் கொட்டும் மழையை, வெயிலில் இறுகி ஓடுபோல் ஆன தரை குடிப்பதில்லை. அது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் சேரும். அறுவடைக்குப்பின் கிடைத்த முதல் ஈரத்திலேயே சரிவுக்குக் குறுக்காக உழுது விடப்பட்ட காடு, அடுத்த மழையைத் தன் சால்களில் நிறுத்திக்கொள்ளும். களைகளின் வேரும், மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்களும் மேலே புரண்டு வெயிலில் மாயும். கோடை இடியில் உரம் இறங்குகிறது என்று கூறுவதுண்டு. மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணும் வடிவமாக மாற்றுவது மெய். ஆனால் ஒரு வருஷத்தில் ஓர் ஏக்கருக்கு அவ்வாறு கிடைப்பது மிகச் சொற்பம். மழைக்குப்பின் பயிர் பசுமையாவதற்குப் பெரும்பாலும் நீரும், ஈரத்தால் உயிர்பெறும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் காரணம். ஆகவே இடியை நம்பி எருவைக் குறைக்கலாகாது.

உழவுக்குரிய பதம் இரண்டு மூன்று நாட்களில் போய்விடும். அந்நாட்களில் டிராக்டருக்கு ஏற்படும் போட்டியைச் சொல்லவேண்டியதில்லை. சங்கத்தின் டிராக்டர் யாருக்கு முதலில் போவது என்ற வழக்கு ஒவ்வொரு கோடையிலும் மனஸ்தாபத்தில் முடிகிறது. எந்தக் குக்கிராமத்தில் எவ்வளவு பெய்தது என்ற கணக்கு இருந்தால் இவ்வழக்குக்கு இடமில்லை. ஈரம் இருக்கும் இடத்துக்கு வண்டி முதலில் போகும்.

அக்கணக்கை வைப்பது கடினமன்று. வானிலை இலாகா உபயோகிக்கும் மழைமானியை, அதன் விளிம்பு தரைக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி புதைப்பார்கள். அதை வாங்க இயலாவிட்டால், அடியும் வாயும் ஒரே அகலமாய், பக்கங்கள் நேராக உள்ள எந்த டப்பாவும் போதும்; அதில் நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையின் அளவு. பக்கத்திலுள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதற்கு இரண்டு மடங்காவது தள்ளி வைக்கவேண்டும். கோழியும் குழந்தைகளும் கவிழ்க்காதபடி வேலி கட்டவேண்டும். ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு மானியும், அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்து மாணவர் ஒருவரும் இருந்தால், காலை 8.30 மணிக்கு அளந்து சங்கத்துக்குச் சொல்லியனுப்பலாம். சங்கத்து மழைப்புத்தகத்தில் தேதி, குக்கிராமம், மழையின் அளவு, இடி தொடங்கிய நேரம், காற்று வந்த திக்கு ஆகிய ஐந்து பத்திகள் போதுமானவை. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழையுள்ள நாளை வானிலை இலாகா மழைநாளாக எண்ணுவதில்லை. ஆயினும் அதையும் எழுதவேண்டும். மழையே இல்லாத நாளில் ‘இல்லை’ என்று எழுதவேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, அல்லது அளக்க ஆளில்லையா என்பது பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது.